ஜன்னலோர பிளாக்பெர்ரி

ஜூலை 3

பரிசோதனைக்கூடத்து அம்மணிக்கு,

நலம். நீயும் நலம்தானே? வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகியும் செடிக்கு ஒன்று என்றால் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ராஸ்பெர்ரியைப் பறித்தால் கையிலேயே உதிர்ந்துபோகிறது. பழக்கடைக்காரர், "என்ன சார், பழம் கேட்டா தூள் குடுக்கறீங்க?" என்று மானத்தை வாங்குகிறார். செடிநோய் பார்க்கும் உன் கூடத்துக்கு இரண்டு பையில் இலை அனுப்பியிருக்கிறேன், முதலாவது ராஸ்பெர்ரி. இரண்டாவது, சமையலறை ஜன்னலோரம் நீ நட்ட பிளாக்பெர்ரி. அதற்கு ஒரு குறையும் இல்லை, சும்மாதான் அனுப்பினேன்.

இன்னமும் உன் வீட்டுக்காரன்

ஜூலை 15

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு பையிலும் ஒரே வைரஸ். பிளாக்பெர்ரி கொழுகொழுவென்றுதான் இருக்கும், நோயை வெளியே காட்டாது. ஆனால் பூத்ததும் தேனீ மகரந்தத்தோடு வைரஸையும் ராஸ்பெர்ரிக்குக் கொண்டுபோகும். இதற்கு மருந்தே கிடையாது. யார் எதை விற்றாலும் ஏமாறாதீர்கள். உதிர்கிற செடிகளையும் ஜன்னலோர வரிசையையும் வேரோடு தோண்டிவிடுங்கள். வழக்கம்போல் பக்கக்கன்றைப் பிடுங்கி நடாமல், பரிசோதித்த நாற்றாக வாங்குங்கள். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் மனைவி

ஜூலை 28

அம்மணிக்கு,

ராஸ்பெர்ரியைத் தோண்டியாகிவிட்டது. உன் வரிசையில் கை வைக்க மனம் வரவில்லை. நீ வந்தால் முதலில் அதைத்தான் தேடுவாய்.

வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் வீம்பு எனக்குத் தெரியாததா? அந்த வரிசை இருக்கும்வரை புது நாற்றும் தப்பாது. தோட்டம்தான் உங்கள் பிழைப்பு. எனக்காக என்று எதையும் வைக்க வேண்டாம்.

உங்கள் மனைவி

அக்டோபர் 2

அம்மணிக்கு,

தோண்டிவிட்டேன். முதுகு இரண்டாகிவிட்டது. மிச்சமிருந்த வேரிலிருந்து ஒரு துளிர் வந்தது. அதை மட்டும் தொட்டியில் வைத்து ஜன்னலில் ஏற்றியிருக்கிறேன். திட்டாதே. மொட்டு வந்தால் கிள்ளிவிடுவேன், பூ இல்லையென்றால் தேனீக்கு என்ன வேலை? காய்க்காது, அவ்வளவுதான். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை.

உன் வீட்டுக்காரன்

அக்டோபர் 14

அன்புள்ள உங்களுக்கு,

தொட்டியையும் எடுத்துவிடுங்கள். கிள்ள மறந்த ஒரு நாள் போதும்.

நான் பெட்டியோடு வாசலில் நின்ற அன்று, "எப்ப வருவே?" என்று கேட்டிருந்தால் பெட்டியைக் கீழே வைத்திருப்பேன். நீங்கள் "பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றீர்கள். ரொம்ப நாள் அழுதேன். இப்போது கோபம்கூட இல்லை, வரவும் தோன்றவில்லை.

நல்ல நாற்று விற்கும் பண்ணையின் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னலோரத்தைச் சும்மா போடாதீர்கள், வேறு ஏதாவது நடுங்கள். நன்றாக வெயில் வரும் இடம் அது.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூடத்திலிருந்து