சாயம் கடைசியில்

மார்ச் 3

வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து மறுபடியும் மின்னஞ்சல். மஞ்சள் வேண்டாமாம், கரும்பச்சைதான் வேண்டுமாம். போன மாதம் மஞ்சளுக்காக உயிரை எடுத்தவர்கள் இவர்கள். தைத்து முடித்த மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் கிடங்கில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. இத்தனைக்கும் இந்தக் கம்பெனியில் என் வேலையே திட்டமிடுவதுதான்! எங்கோ கடைக்குப் போகிறவர்களின் மனசு மாறினால் நான் எதைத் திட்டமிட?

முதலாளி கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் மூன்றாம் தையல் லைனை மூடிவிடுவேன் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் லைனில்தான் தங்கச்சி தைக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

மார்ச் 6

முதலிலேயே துணிக்குச் சாயம் ஏற்றுவதால்தானே இத்தனை வம்பு? வெள்ளையாகவே தைத்து வைப்போம். நிறம் உறுதியானதும் தைத்த சட்டையையே சாயப்பட்டறைக்கு அனுப்புவோம். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். தையல் நூலும் பருத்தியாக இருந்தால் சாயம் பிடிக்கும் என்றார்.

மார்ச் 7

முதலாளி சம்மதித்துவிட்டார்.

மார்ச் 28

பலித்துவிட்டது! கரும்பச்சையும் போய், செங்கல் நிறம் என்று கடைசி நேரத்தில் மாற்றினார்கள். யாருக்கும் வியர்க்கவில்லை. சட்டைகள் சாயம் ஏறி, பெட்டியில் அடங்கிக் கிளம்பிவிட்டன. “பரவாயில்லயே அக்கா, உனக்கும் மூளை வேலை செய்யுது” என்றாள் தங்கச்சி. அவள் வேலை தப்பித்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 9

முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார். பிறகு சொன்னார்: “துணிய வெள்ளையா வச்சிருந்து, தேவை வந்ததும் சாயம் போடுறோம்ல? ஆளுங்களையும் அப்படியே வச்சுக்கலாம். வேலை இருக்கிற அன்னைக்குக் கூப்பிட்டாப் போதும்.”

துணிக்குப் பசிக்காது சார் என்றேன்.

“லைனை மொத்தமா மூடுறதா, இப்படியா? நீயே சொல்லு.”

மூன்றாம் லைனில்தான் ஆரம்பமாம். அன்றைக்கு யார் யார் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்வார், காலையில் நான் செய்தி அனுப்ப வேண்டும். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

ஏப்ரல் 10

தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், சிரித்தாள். “கூப்பிடப் போறது நீதானே அக்கா? அப்புறம் என்ன பயம்?”

அது என் கையில் இல்லடி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 14

இன்று அவளுக்கு வேலை இருந்தது. இருவரும் சேர்ந்து போனோம்.

ஏப்ரல் 15

இல்லை.

ஏப்ரல் 20

இந்த வாரம் சட்டைகளை யாரும் கேட்கவில்லை. சந்தை அப்படி. நம் கம்பெனிக்கு நஷ்டமில்லை, இந்தத் தடவை காத்திருப்பது ஆட்கள்தானே.

காலையில் அவள் குளித்து, தலை பின்னி, சாப்பாட்டு டப்பாவும் கட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்து அறையில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலே பேருக்கு. அவள் அதில் இல்லை. வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினேன்.

அவள் தன் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை என் டப்பாவில் போட்டாள். “வீட்ல இருக்கிறவளுக்கு எதுக்கு? நீ எடுத்துட்டுப் போ.”

டப்பா மூடவில்லை. இரண்டு கையாலும் அழுத்தி மூடிக் கொடுத்தாள்.