என் தோளுக்கு ஏற்ற தடி

மச்சான்,

உன் தூண்டில் தடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. போன கிழமை உன் மனைவி கரவெட்டியிலிருந்து ஓட்டோவில் கொண்டுவந்து தந்தார். "அண்ணை, இதைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு வேலையும் ஓடுதில்லை. உங்களிட்டையே இருக்கட்டும்" என்றார். அவர் போன பிறகு துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தேன். மெழுகுதிரி வாசம் வந்தது. தடியின் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் போகாமலிருக்கப் பொருத்துகளில் மெழுகு தேய்ப்பாயே, அந்த வாசம். உங்கள் தேவாலயத்தில் கரோல் பாட்டு முடிந்து எல்லோரும் கேக் சாப்பிடப் போக, நீ எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவாய். "இது ஆசீர்வதிச்ச மெழுகடா, பாரை மீன் கட்டாயம் வரும்" என்பாய்.

முற்றத்தில் தடியைப் பொருத்திப் பார்த்தேன். எறிகிற பாவனையில் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனதும் வலது தோள் பிடித்துக்கொண்டது. அப்படியே கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு இப்போது எல்லாமே பாரமாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றுவது பாரம், யாராவது வந்து சுகம் விசாரித்தால் பதில் சொல்வது பாரம். என் சொந்தத் தடியும் உன்னுடையதன் நீளம்தான். இரண்டில் எதையும் எறிய ஏலாது என்றால் கடற்கரைக்குப் போவதை விட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயப்படுத்தியது.

என் தடி ஏன் அவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் படிப்பித்த களைப்போடு இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒன்றாகத்தான் வாங்கினோம். நீ ஒவ்வொரு தடியாக எடுத்து நுனியைச் சுவரில் முட்டி வளைத்துப் பார்த்தாய். "ஐயா, முறிஞ்சால் நீங்கள்தான் எடுக்கோணும்" என்று கடைக்காரர் பின்னாலேயே திரிந்தார். உனக்கு நீளத் தடியை எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு சின்னத் தடியை நீட்டினாய்.

"தடி வாங்கேக்கை கடலைப் பாக்காதை, உன்ரை தோளைப் பார்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உன்னுடைய அதே நீளத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நீ கண்ணைச் சுருக்கிச் சிரித்தாய்.

ஏன் சிரித்தாய் என்பது மணற்காட்டுக் கடற்கரையில் விளங்கியது. உன் ஈயக்குண்டு அலை முறிகிற இடத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. என்னுடையது முதல் அலையிலேயே விழுந்து என் காலடிக்குத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என் கையிலிருந்த தடியை வாங்கி எறிந்துவிட்டு, "இந்தா, பிடி" என்று திருப்பித் தந்தாய். அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு தடியையும் நீ எறிவாய், என்னுடையதை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். மீன் அகப்பட்டால்தான் சண்டை. "எறிஞ்சது நான்" என்பாய். "இழுத்தது ஆர்?" என்பேன். கடைசியில் அது உன் வீட்டுச் சட்டிக்குப் போகும், நானும் அங்கேயே சாப்பிடுவேன்.

நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை. அந்த நாட்களில் மீனைத் தொட எனக்கு மனம் வராது, கடலுக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. மீன் கொளுவுகிற தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் ஈயத்தைக் கட்டி எறிவோம் என்று வழி சொன்னவன் நீ. உனக்கு விரதமா ஒன்றா? ஆனாலும் அந்த நாட்களில் உன் நூலிலும் முள் இருக்காது. வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் எங்களைப் பார்த்து, "என்ன மாஸ்ரர், முள்ளில்லாமல் மீனைப் பேய்க்காட்டுறியளோ?" என்று கேட்பார்கள். "மீனும் விரதம்" என்பாய்.

போன வருடம் நீ கிட்ட எறியத் தொடங்கினாய். ஏன் என்று கேட்டேன். "மீன் கிட்டடிக்கு வந்திட்டுதடா, பிறகேன் தூர எறிவான்?" என்றாய். நான் நம்பினேன். கிட்டடியிலும் மீன் பிடிபட்டதால் இன்னும் நன்றாக நம்பினேன். உன் நெஞ்சுக்குள் நடப்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு அது நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் தெரியவந்தது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இரண்டு தடியையும் எறிந்தாயே. உன்மேல் எனக்குக் கோபம், மச்சான். இல்லாதவன்மேல் கோபப்படுவது எவ்வளவு களைப்பு என்று உனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் போய்ச் சின்னத் தடியாக வாங்கியிருப்போம். கிட்ட எறிந்துவிட்டுக் கதைத்துக்கொண்டு இருந்திருப்போம். எனக்கு மீனா முக்கியம்?

முந்தாநாள் தனியாகக் கடைக்குப் போக வெளிக்கிட்டேன். "நல்லூர்த் திருவிழா நடக்குது, இப்ப ஏன் தூண்டில் தடி?" என்று என் மனைவி கேட்டாள். "இப்ப வாங்காட்டி நான் பிறகு வாங்கமாட்டன்" என்றேன்.

கடையில் ஒரு பெண் நின்றாள். "எவ்வளவு தூரம் எறியப்போறியள், ஐயா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் கடற்கரையில் நின்றவனுக்குத் தன் கை எவ்வளவு தூரம் எறியும் என்று தெரியாது. "தெரியாது பிள்ளை, இந்தத் தோள் விடுற அளவுக்கு" என்றேன். அவள் எடுத்துத் தந்த முதல் தடி விறைப்பு, பிடித்ததுமே மணிக்கட்டு நொந்தது. அடுத்தது நீளம் குறைந்த கட்டைத் தடி, ஆனால் பாரம். பிறகு பத்தடியில் மெல்லிய தடியொன்றைத் தந்தாள். மெதுவாக ஆட்டினாலே நடுவிலிருந்து வளைந்து நிமிர்ந்தது. "பெரிய ஈயம் போடாதேங்கோ. நீங்கள் பலம் குடுக்கத் தேவையில்லை, தடி எறியும்" என்றாள். அதையே வாங்கினேன்.

நேற்றுப் பின்னேரம் மணற்காட்டுக்குப் போனேன். கரையில் ஒருவரும் இல்லை. சின்ன ஈயம் ஒன்றை மட்டும் கட்டித் தடியைப் பின்னால் கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது. நோவினால் இல்லை. எறிவதற்கு முன் நீ, "விடுறன், விலத்து" என்று சொல்வாய். ஈயம் மண்டையில் படாமல் நான் விலத்தி நின்று, "ம், விடு" என்பேன். ஒரு நாளும் நாம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. நேற்று எறிய வேண்டியவன் நான். "விடுறன், விலத்து" என்று முதல் தடவையாக என் வாயால் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன். "ம், விடு" என்று சொல்ல வேண்டியவனும் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அதையும் சொன்னேன். எறிந்தேன். ஈயம் கிட்டத்தான் போய் விழுந்தது.

தோள் இன்றைக்கும் நோகிறது. திருவிழா முடிந்ததும் முள் கட்டிக்கொண்டு போவேன். உன் சொல்லையும் என் சொல்லையும் நானே சொல்லிக்கொள்வேன்.