குதிகால்களுக்கு நடுவே இரண்டு விரல்

அக்டோபர் 8, 1978, சரோஜினி நகர்

முட்டிகள் இடிக்கும் கால்களும் தட்டைப் பாதங்களும் உள்ள ஒருத்தியால் வெகுநேரம் ஆடாமல் நிற்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை. முடியாது என்கிறார் கல்லூரி டாக்டர். அளந்து பார்த்துச் சொன்னதாகத் தோன்றவில்லை.

மகள் வள்ளிக்கு என் கால்கள்தான். குடியரசு தின அணிவகுப்புக்குக் கல்லூரி என்.சி.சி.யில் ஆள் எடுக்கிறார்கள். என் தோளில் உட்கார்ந்து ராஜபாதையில் வேடிக்கை பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. "சாவ்தான்" என்று அட்டென்ஷனுக்குக் கத்தியதும் குதிகால்கள் ஒட்ட வேண்டும். இவளுக்கு முட்டிகள் முதலில் ஒட்டிவிடுகின்றன. குதிகால்கள் இரண்டு விரல் தள்ளியே நிற்கின்றன.

அக்டோபர் 10

ஈரக்காலோடு இருவரும் சிமெண்ட் தரையில் நின்று பார்த்தோம். நான்கு சுவடுகளிலும் நடுவில் காய்ந்த இடமே இல்லை. "நாம ரெண்டு பேரும் வாத்தும்மா" என்று சிரித்தாள்.

அக்டோபர் 12

ட்ரங்கில் 1950ஆம் வருஷத்துக் கல்லூரிப் படம் கிடைத்தது. மெட்ராஸ் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும். என் பக்கத்தில் தோழி ஜலஜா, நனைந்த பின்னலோடு. படம் எடுக்கும் முன் காதில் சொன்னாள்: "ஒரு முட்டிய பின்னால தள்ளிக்கோடி, புடவை நேரா விழும்." அவள் சொன்னால் கேட்பேன். கல்யாணத்தில், ஆபீசில், பால் க்யூவில், அன்றிலிருந்து அப்படித்தான் நிற்கிறேன். அவளைப் பார்த்து இருபது வருஷமாகிறது.

வள்ளிக்கும் சொல்லிக்கொடுத்தேன். குதிகால்கள் ஒட்டின!

அக்டோபர் 13

இன்றும் ஒட்டின.

அக்டோபர் 15

ஒத்திகையில் பத்தாவது நிமிடமே தள்ளாடிப் பக்கத்துப் பெண்மேல் சாய்ந்துவிட்டாளாம்.

"வெயிட்டெல்லாம் ஒரே கால்ல வருதும்மா. நீ எப்படி இப்படி நிக்கிற?"

எப்படி நின்னேன்? இருபத்தெட்டு வருஷமா இடுப்பு வலி, இடுப்பு வலின்னு தைலம் தேச்சேனே, ஒரு நாளாவது யோசிச்சேனா? எம்.எஸ்ஸி. வேற!

நாளை தேர்வு.

"உன் கால் எப்படி நிக்குமோ அப்படியே நில்லு" என்றேன்.

"குதிகால் ஒட்டாதேம்மா."

"ஒட்டாதுதான்."

அக்டோபர் 16

நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள். ஆடவில்லை. நேரான கால்கள் உள்ள பெண்கள் மூவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம்.

வள்ளியை எடுக்கவில்லை. குதிகால்தான் காரணம். கண் சிவந்துதான் வந்தாள்.

முடிந்தபின் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்களாம்.

"படத்துக்கு எப்படி நின்னே?" என்று கேட்டேன்.

"ஏன்? நான் நிக்கிற மாதிரிதான்."