கம்பெனி பஸ்ஸில் உங்கள் குரல்

என் பாசமுள்ள சலீம் அண்ணாவுக்கு,

உங்களுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. செத்துப்போன மனுஷனின் குரல் எப்படி அண்ணா அவ்வளவு தெளிவாகப் பாடும்?

நீங்கள் போன அன்று காலை மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் நம் பாட்டுக் குழுவின் கேசட்டைப் போட்டிருந்தார். நீங்கள் எழுதிய பாலாற்றுப் பாட்டு. கூட வேலை செய்யும் பெண்களெல்லாம் உங்களோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். ஆம்பூருக்குள் நுழையும்போது, நம் டிரம்ஸ் தனபால் சைக்கிளைக் குறுக்கே போட்டு பஸ்ஸை நிறுத்தினார்.

"கஸ்தூரி, இறங்கு. சலீம் போய்ட்டான்."

"எங்க போய்ட்டாரு?" என்றேன். அப்படித்தான் கேட்டேன். உள்ளே நீங்கள் பாடிக்கொண்டே இருந்தீர்கள். அதை நிறுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதலில் நம்மை யார் மதித்தார்கள்? வாலாஜாபேட்டைக் கல்யாணத்தில் "சினிமா பாட்டு போடுங்கப்பா!" என்று ஒரே கத்தல். நான் மைக்கை விட்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் கிடாரைக் கீழே வைக்கவில்லை. "இன்னா கஸ்தூரி, இதுக்கே பேஜாராயிட்டா எப்படி? இன்னொண்ணும் நம்மளுதே பாடு." தோல் நாற்றத்தைக் கிண்டலடிக்கும் பாட்டை எடுத்தோம். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சாம்பார் வாளியோடு நின்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு கலவை ஊர் வரைக்கும் கூப்பிட்டார்கள். வேலூர் போய்க் கேசட் பதிவு செய்தோம். சினிமா பாட்டே இல்லாத கச்சேரிக்கு ஜனம் வந்ததே அண்ணா!

நீங்களும் தனபாலும் வேலை பார்த்த தோல் டேனரியில் நடந்தது, அவர் சொல்லித்தான் தெரியும். கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கிய உங்கள் கூட்டாளி முருகேசன் விஷவாயுவில் மயங்கிவிட்டார். நீங்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குதித்தீர்களாம். அவரைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டீர்கள். உங்களைத் தூக்கக் கை நீட்டினால், உங்கள் கை வரவில்லை. "என் கண்ணு முன்னாலயே..." என்று சொல்லிவிட்டுத் தனபால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முருகேசன் பிழைத்துவிட்டார். உங்கள் வீட்டுக்கு வந்து உட்காருகிறார். அண்ணி டீ கொடுத்தால், டம்ளரைப் பிடித்தபடியே அழுகிறார்.

போன வாரம் டேனரி முதலாளியின் ஆள் வந்தான். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மைப் பேசி வைத்திருந்தார்களே, அதற்காக. "சலீமுக்குப் பதிலா வேற யாரையாவது வெச்சுப் பாடிடுங்க" என்றான்.

தனபால்தான் கேட்டார். "அவன் எப்படிச் செத்தான்னு அங்க யாராவது கேட்டா இன்னா சொல்வீங்க?"

"கால் வழுக்கித் தொட்டியில விழுந்துட்டாரு. போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கோம்." மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னான்.

கால் வழுக்கியா? அத்தனை பேர் பார்த்தார்களே, ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லையா? வேலை போய்விடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் தாங்க முடியவில்லை அண்ணா.

அந்தக் கல்யாணத்துக்குப் பாட மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கலவைத் திருவிழாவுக்குப் போகிறோம். முருகேசனும் வருகிறார். முதல் பாட்டுக்கு முன்னால், தன்னைத் தூக்கிவிட்டது யார் என்று மைக்கில் அவரே சொல்வார். அவருக்குக் குரல் வராவிட்டால் நான் சொல்வேன். நீங்கள் விழவில்லை, இறங்கினீர்கள் என்று சொல்வேன். எந்த வேலை போனாலும் சரி. இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
கஸ்தூரி