என் லீவு மனு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வியாழக்கிழமை அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் எந்த மனு யாரிடம் போக வேண்டும் என்பதைப் பெரிய கணினிதான் பார்த்துக்கொள்கிறது. அந்த ஒழுங்கை எழுதி ஏற்றியவள் நான். மேலாளர் பத்து நாள் லீவில் போகும்போது என்னைத் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதனால் என் மனு என் திரைக்கே வந்தது. தன் மனுவைத் தானே அனுமதிக்கக் கூடாது என்று எழுதியதும் நான்தான். மூன்று நாள் அனுமதி வராததைப் பார்த்துவிட்டுக் கணினி அதை நிராகரித்துவிட்டது. மாதக் கடைசி வரை அந்த ஒழுங்கில் எந்த மாற்றமும் ஏற்றக் கூடாது என்பது அலுவலக விதி.

மேலாளருக்குப் போன் செய்தேன். "சிஸ்டம் என்ன சொல்லுதோ அதான்மா," என்று வைத்துவிட்டார். "சும்மா சொல்லக்கூடாது மேடம், நீங்க போட்ட சட்டம் ஆள் பாக்காம வேலை செய்யுது," என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

சொட்டு மருந்து வேளைகளைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். கட்டுப் பிரிக்கும்போது தம்பியை வீடியோ கால் போடச் சொல்லுங்கள். அலுவலகத்தில் இருப்பதால் என்னால் பேச முடியாவிட்டாலும் வைத்துவிட வேண்டாம்.

இடைவேளை முடிகிறது. லீவு தராதது யார் என்று அம்மா கேட்டால் மேலாளர் என்றே சொல்லுங்கள். இந்த வாரம் அது பொய்யில்லை.

உங்கள் மகள்