கோட்டுக்கு மேலே நின்ற புள்ளி

யாழ்ப்பாணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

லீவில் நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் ஓட்டுப் போடுவது பற்றிக் கேட்டு எழுதினேனே, அதை நேற்று புள்ளிவிவர வகுப்பில் காட்டினேன். ஆளுக்கொரு புள்ளி வைத்து, அவற்றின் போக்கை ஒட்டி ஒரு நேர்கோடு வரைந்திருந்தேன். வாக்களிப்பு நிலையம் தூரமாக இருந்தால் ஓட்டுப் போடுவது குறைகிறது; கோடு கீழே இறங்கியது. தூரம் மிக அதிகமான கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு மேலே நின்றது.

"பிள்ளை, உது பிழையாப் பதிஞ்சிருக்கும். எடுத்துவிடும்," என்றார் பாடம் எடுக்கும் சேர்.

"பிழை இல்லைங்க சேர். அது எங்க அம்மா. தாத்தா இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைக்காம, ஒரு ஓட்டுக்கூடப் போடாமலே செத்துட்டாரு. அதனால அம்மா ஒரு தேர்தலையும் விட்டதில்லைங்க."

பயப்படாதீர்கள், சொல்லும்போது அழவில்லை. சேர் படத்தைக் கையில் எடுத்து அந்தப் புள்ளியை மறுபடி பார்த்தார். பிறகு, "அப்ப இருக்கட்டும். ஏன் விலகி நிக்குதெண்டும் எழுதும்," என்றார். எழுதிவிட்டேன்.

முடிந்தால் கொஞ்சம் தேயிலைத் தூள் அனுப்புங்கள். நீங்கள் சொல்லச் சொல்லத் தங்கச்சி கடிதம் எழுதும்போது, உங்கள் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். இங்கே நம் தோட்டத்துப் பேச்சு காதில் விழுவதே இல்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்
ஜீவராணி