ஸ்டெல்லா அக்காவின் கேள்வி

என் பிரியமான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உங்களிடம் அதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. இங்கே ஒரே மழை. தாம்பரத்தில் ரயில் ஏறி குரோம்பேட்டையில் இறங்குவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். நம் லிஃப்ட் கம்பெனியின் புகார் மேஜையில் போன் ஓயவே இல்லை. உங்கள் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. என் குடையை அதன்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

வருகிற கல்லறைத் திருநாளோடு நீங்கள் போய் ஒரு வருஷம். ஆபீசில் மனிதர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள் அக்கா, பேச்சுதான் மாறிவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, 'டவுன்டைம்' என்கிறார்கள். வாடிக்கையாளர் படும் கஷ்டத்துக்கு 'பெயின் பாயிண்ட்' என்று பெயர். 'சர்க்கிள் பேக் பண்றேன்' என்றால் இப்போதைக்கு ஆளை விடு என்று அர்த்தமாம். டீ குடிக்கப் போகலாமா என்று கணக்குப் பிரிவு வசந்தியைக் கூப்பிட்டால், 'பேண்ட்விட்த் இல்ல சார்' என்கிறாள். வேலை இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று வீட்டில் உத்தரவு. சும்மாதான் இருந்தேன்.

உங்கள் பக்கத்து மேஜையில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். நீங்கள் போனில் சுற்றி வளைத்துப் பேசி ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு ஆள் வரும் என்றால் வரும், வராது என்றால் வராது. திட்டினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வீர்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பீர்கள்.

"மாடியிலேருந்து இறங்க முடியாதவங்க யாராவது இருக்காங்களா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பீர்கள். அந்த மௌனத்தில்தான் எதிர்முனையில் இருப்பவருக்கு மேல்மாடியில் இருக்கும் நிறைமாதக்காரி ஞாபகத்துக்கு வருவாள், கால் எலும்பு முறிந்து கிடக்கும் வாத்தியார் ஞாபகத்துக்கு வருவார். மெக்கானிக் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்வீர்கள். மெக்கானிக் பையன்கள் அதற்கு 'அக்கா கேள்வி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் போனபிறகு புது கம்ப்யூட்டர் திரை வந்தது. என்ன பேச வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடும், படித்தால் போதும். அதில் உங்கள் கேள்விக்கு இடமில்லை. அதைக் கொண்டுவந்தவர் புது மேனேஜர் நிவேதா. நல்ல பெண்தான், வாட்ச்மேனைக்கூடப் பெயர் சொல்லி விசாரிப்பார். மீட்டிங் என்று வந்துவிட்டால் மட்டும் 'அலைன்மென்ட்', 'கஸ்டமர் ஜர்னி' என்று ஆரம்பித்துவிடுவார்.

போன வாரம் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ஏரி ஓரமாக இருக்கும் ஃபிளாட், நாலாவது மாடி. மழைத் தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டது. அதை இறைத்துக் காயவைக்காமல் லிஃப்டை ஓட்ட முடியாது என்பது நமக்குத் தெரியும். நான் திரையைப் பார்த்துப் படித்தேன், உங்கள் புகார் மேலிடத்துக்கு எஸ்கலேட் செய்யப்பட்டுவிட்டது, உங்கள் எக்ஸ்பீரியன்ஸ் எங்களுக்கு முக்கியம் என்று. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். அப்போ மத்தியானத்துக்குள்ள சரியாகிடும்ல சார், என்றார்.

நான் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அவர் நம்பியது நடக்காது. என்னையறியாமல் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு, உங்களைப் போலவே பேசாமல் இருந்தேன்.

"மாமனார் இருக்காரு சார். இன்னைக்கு அவருக்கு டயாலிசிஸ். லிஃப்ட் வந்துடும்னுதான் காத்துக்கிட்டு இருக்கோம்."

"லிஃப்ட் இன்னைக்கு ஓடாதும்மா, அதுக்காகக் காத்திருக்காதீங்க. ரெண்டு பேரை அனுப்புறேன், நாற்காலியில வச்சு எறக்கிடுவாங்க."

ஆளைத் தூக்குவது மெக்கானிக் வேலை இல்லை. ஆனாலும் பெரிய வெள்ளத்தின்போது நீங்கள் அப்படித்தானே அனுப்பினீர்கள்? மெக்கானிக் முருகனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா கேள்வியா சார் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து போன்.

"பெருசு வெயிட்டே இல்ல சார். தூக்கினு வந்து ஆட்டோல ஏத்திட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போய்கினு கீது."

போனை வைத்தேன். உடனே நிவேதா அறைக்கு வரச் சொன்னார். அன்றைக்கு அவர் நம் அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இந்த வயதில் ஒரு மெமோ வாங்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். யார் சார் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னேன் அக்கா. நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தத் திங்கட்கிழமை திரையில் புதிதாக ஒரு கட்டம், எல்லாவற்றுக்கும் முதலில். தலைப்பு என்ன தெரியுமா? 'மொபிலிட்டி டச்பாயிண்ட்'. எனக்கு வந்த கோபத்துக்கு நேரே நிவேதாவிடமே போய்க் கேட்டேன்.

"தலைப்பு அப்படி வச்சாத்தான் சார் ஹெட் ஆபீஸ்ல ஓகே பண்ணுவாங்க. கீழே படிச்சுப் பாருங்க. அது ஸ்டெல்லா மேடம் கேட்டதுதான், ஒரு வார்த்தைகூட மாத்தல."

திரும்பி வந்து படித்தேன். 'மாடியிலேருந்து இறங்க முடியாதவங்க யாராவது இருக்காங்களா?' அப்படியே இருந்தது. மதுரை, கோவை கிளைகளிலும் இன்றுமுதல் இதைத்தான் கேட்கிறார்களாம். உங்கள் குரலையே கேட்டிராதவர்கள் உங்கள் கேள்வியைக் கேட்கிறார்கள் அக்கா. எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

அந்தக் கட்டத்தில் ஒரு குறை. கேட்டபிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று அதில் போடவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மேஜையில் இருக்கும்வரை, எத்தனை போன் வரிசையில் நின்றாலும், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

பக்கத்து மேஜையிலிருந்து,
உங்கள் தம்பி தனசேகர்